கடைசியாகத் தொட்டவர் பெயர்

வலைப்பக்கம் செய்கிறவர்களுக்கு எந்த எடிட்டர் நல்லது என்று நான் ஒப்பிட்டு எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு எங்கள் அலுவலகக் கணினியில் இன்னும் இருக்கிறது. புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால் அதைத்தான் முதலில் படிக்கக் கொடுக்கிறார்கள். நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். நான் தலையாட்டிவிட்டு என் திரைக்குத் திரும்பிவிடுவேன்.

எங்கள் அலுவலகம் ராயபுரத்தில், படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறைக்கு மேலே இரண்டு அறைகள். கீழே இன்ஜினை ஓட விட்டுப் பார்க்கும்போது எங்கள் மேஜைகளில் பேனா உருளும். மொத்தம் ஐந்து பேர், ஐந்து விதமான எடிட்டர் வைத்திருந்தோம். எடிட்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நிரலைத் தட்டச்சு செய்கிற இடம். ஆனால் சமையலறை மாதிரி அவரவர் பழக்கப்படி டப்பாக்களை அடுக்கி வைத்திருப்பார்கள். இன்னொருவர் வந்து நின்றால் உப்பு எங்கே என்று தெரியாது. ஒருவர் எழுதியதை மற்றவர் திறந்தால் வரிகள் ஏறி இறங்கிக் கிடக்கும். எல்லோரும் ஒரே எடிட்டருக்கு மாறிவிடலாம், எது என்று பார்த்து எழுது என்று முதலாளி என்னிடம் சொன்னார்.

மூன்று எடிட்டர்களை ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். லேசானது நொடியில் திறந்தது. பழைய லேப்டாப்பையும் சூடாக்கவில்லை. ஆனால் நாம் செய்யும் பிழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். உலாவிக்குள்ளேயே திறக்கும் எடிட்டரை எங்கிருந்தும் பயன்படுத்தலாம். இணையம் போனால் அதுவும் போய்விடும். கனமானது திறக்க நேரம் பிடித்தது. அதற்குப் பதிலாகப் பாதி வார்த்தை அடித்தால் மீதியைத் தானே நீட்டியது. மூடாமல் விட்ட அடைப்புக்குறியைச் சிவப்பில் காட்டியது. ஒரே எழுத்து பத்து இடத்தில் இருந்தால் பத்திலும் கர்சரை நிறுத்தி ஒரே தட்டில் மாற்ற முடிந்தது. சேவ் செய்யும்போது கோணல்மாணலான வரிகளைத் தானே நேராக்கியது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அதைப் பற்றி நான் எழுதிய வாக்கியம் எனக்கு மனப்பாடம்: "சந்தேகம் வந்தால் சரியான ஆளிடம் போய்க் கேட்க இது உதவும்."

கனமான எடிட்டரையே பரிந்துரைத்தேன். முதலாளி சரி என்றார். ஒவ்வொருவர் கணினியிலும் நானே நிறுவிக் கொடுத்தேன்.

அக்காவின் லேப்டாப்தான் சிரமப்பட்டது. அக்கா என்று நான் கூப்பிடுகிறவர் என்னைவிட ஏழு வயது மூத்தவர், வேலையில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர். நெட்டுக்குப்பத்துக்காரர். கணவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். மகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு தபால் வழியில் பட்டம் முடித்து, ஒரு பயிற்சி மையத்தில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஐந்து மாதம் முடிந்திருந்தது.

"இன்னாம்மா இது, இது தொறக்கறதுக்குள்ள நான் கீழ போயி டீ குட்ச்சிட்டு வந்துடலாம் போல கீதே" என்றார்.

"பழகிடும்க்கா. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு சார் சொல்லிட்டாரு."

"எனக்கு அந்தப் பழசே போதும்மா. அதுல நான் அட்ச்சது மட்டுந்தான் இருக்கும். இது நான் அடிக்காததையும் அட்ச்சிகினு போவுது."

நான் சிரித்தேன். சேவ் செய்யும்போது வரிகளை நேராக்கும் வசதியை அவருடைய கணினியில் நானே இயக்கி வைத்தேன். எதற்காக என்று அவர் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை.

அந்த மாதம் எங்கள் கையில் இருந்தது ஓர் ஐஸ் தொழிற்சாலையின் வலைப்பக்கம். படகுக்காரர்கள் போனிலேயே ஐஸ் கேட்டுப் பதிவு செய்யலாம். மறுநாள் விடியற்காலை குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் கரைக்கு வந்துவிடும். மொத்தம் நான்கு வண்டிகள். நான்காவது எண்ணூர்ப் பக்கத்துக்கு, அதாவது நெட்டுக்குப்பத்துக்கும் முகத்துவாரக்குப்பத்துக்கும். ஐஸ்காரருக்கு நேராகப் போன் பண்ணியே பழகிய தன் கரை ஆட்களிடம் அக்கா ஒவ்வொருவராகப் பேசி, அவர்கள் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "நான் வேலை செய்ற எடத்துல பண்ணது, தைரியமா போடு" என்று சொல்லியிருந்தார். அந்தக் கரையில் பலரும் அவருக்காகவே மாறியிருந்தார்கள்.

வாரத்தில் மூன்று நாள் நான் திருவொற்றியூரில் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. மணலி ஆலைகள் பக்கத்துக் காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அவளுக்கு மூச்சு இழுக்கும். ஜன்னலைச் சாத்தி, நெபுலைசர் வைத்து, மடியில் போட்டுக்கொண்டுதான் உட்கார முடியும். மாமியாருக்கு முட்டி வலி, தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. கணவருக்கு கண்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. அந்த மூன்று நாளை முதலாளி எனக்குக் கொடுத்தபோது, "வீட்லேர்ந்து பண்றதால ஒரு தப்பு வந்தாலும் அன்னியோட நிறுத்திடுவேம்மா, அப்பறம் கோச்சுக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஐஸ்காரர் கேட்ட மாற்றம் மிகச் சிறியது. மாலை நான்கு மணி வரை பதிவு செய்யலாம் என்று இருந்ததை மூன்று மணி என்று மாற்ற வேண்டும். நான்கு வண்டிக்கும் தனித்தனியாக நேரம் எழுதியிருந்தது. குழந்தை மடியில் புரண்டுகொண்டிருந்தாள். நான் முதல் 4 மேல் கர்சரை வைத்து, அடுத்தது, அடுத்தது என்று அதே எண்ணைத் தேடிப் பிடிக்கும் விசையைத் தட்டிக்கொண்டே போனேன். இனி இல்லை என்று நின்றதும் 3 என்று அடித்தேன். நேரம் நான்கு இடத்தில்தான் இருந்தது. ஐந்தாவதாக ஒரு 4 இருந்தது: நான்காவது வண்டியின் எண். அதுவும் 3 ஆகிவிட்டது.

எத்தனை இடத்தில் மாற்றப் போகிறாய் என்று அந்த எடிட்டர் கீழே ஓர் ஓரத்தில் காட்டும். ஐந்து என்றுதான் காட்டியிருக்கும். நான் பார்க்கவில்லை. பார்த்தும் மனதில் பதியவில்லையோ, அதுவும் தெரியவில்லை. பிறகு பல நாள், குழந்தையின் கை ஒரு தட்டு கூடுதலாகத் தட்டியிருக்குமோ என்றுகூட யோசித்தேன். ஒன்றரை வயதுப் பிள்ளையின் தலையில் போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

சனிக்கிழமை அக்கா அலுவலகத்தில் அதே ஃபைலைத் திறந்தார். ஒரு பட்டனின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சையாக மாற்றிவிட்டு சேவ் செய்தார். எல்லோர் கணினியையும் ஒழுங்குபடுத்திய நான் என் வீட்டு லேப்டாப்பை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அதனால் என் ஃபைலில் வரிகள் பழைய மாதிரியே கோணலாக இருந்தன. அக்காவின் எடிட்டர் அத்தனை வரியையும் நேராக்கியது. வரி நேரானால் அதைத் தொட்டதாகக் கணக்கு. மேலிருந்து கீழ் வரை எல்லா வரியின் ஓரத்திலும் அவர் பெயர் ஏறிவிட்டது.

எங்கள் இரண்டு மாற்றங்களும் சேர்ந்து சனிக்கிழமை மாலைதான் வலைப்பக்கத்தில் ஏறின; ஞாயிற்றுக்கிழமை படகுகள் போவதில்லை. திங்கட்கிழமை விடிந்தபோது எண்ணூர்ப் பக்கத்துப் பதிவுகள் அனைத்தும் மூன்றாவது வண்டியின் பட்டியலில் கிடந்தன. மூன்றாவது வண்டிக்காரர் அந்தக் கரைக்குப் போனதே இல்லை. ஏதோ தவறு என்று விட்டுவிட்டார். நான்காவது வண்டிக்காரரின் பட்டியல் காலி, அவர் வண்டியை எடுக்கவே இல்லை. ஐஸ் வராமல் பாதிப் படகுகள் போகவில்லை. துணிந்து போனவர்களின் மீன் வெயிலில் வீணானது. அக்காவின் கணவர் போகாதவர்களில் ஒருவர்.

அன்று காலை முதலாளி எங்கள் எல்லோரையும் தன் மேஜையைச் சுற்றி நிற்க வைத்தார். ஃபைலைத் திறந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"வண்டி நம்பர் மாறியிருக்கு. யார் தொட்டது? இதோ போட்டிருக்கே." அக்காவின் பக்கம் திரும்பினார்.

"சார், நான் கலரு மட்டுந்தான் மாத்துனேன்."

"ஒரு வரி இல்லம்மா, எல்லா வரியிலயும் உங்க பேருதான் இருக்கு. மொத்த ஃபைலையும் உருட்டியிருக்கீங்க."

அக்கா குனிந்து திரையைப் பார்த்தார். தன் பெயர் வரிசையாக இறங்கிப் போவதை விரலால் தொடர்ந்து கீழே வரைக்கும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பயம்தான் வந்தது.

எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. அந்தப் பெயர்மேல் ஒருமுறை அழுத்தி, இதற்கு முன் யார் என்று கேட்டிருந்தால் போதும். வெள்ளிக்கிழமையும் என் பெயரும் வந்திருக்கும். அந்த அறையில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். வரிகளை நேராக்கும் வசதியும் பெயர் காட்டும் வசதியும் சேர்ந்தால் பெயர் இடம் மாறிப்போகும் என்று என் குறிப்பில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் புகழ்ந்திருந்தேன்.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற? நீதான இதையெல்லாம் படிச்சு எழுதினவ."

மகளின் மூச்சுச் சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது போல் இருந்தது.

"பேர் அப்படித்தான் சார் காட்டுது" என்றேன்.

பொய் சொல்லவில்லை என்று அன்று பஸ்ஸில் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அக்காவிடமிருந்து நிரல் வேலையை எடுத்துவிட்டு, புகைப்படங்களை வெட்டி அளவு சரி செய்யும் வேலையைக் கொடுத்தார்கள். நிரந்தரமாக்குவது பற்றி மாத முடிவில் பார்க்கலாம் என்றார் முதலாளி. அன்று மாலையே அக்கா தன் கரையில் போய், தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் இன்னொரு பெண்தான் எனக்கு இதைச் சொன்னாள். செய்யாத தவறுக்கு! திரையில் பெயர் இருந்ததால், தான் செய்ததாகவே நம்பிவிட்டார்.

நான் என்ன செய்தேன்? அவருக்கு மதியம் என் டப்பாவிலிருந்து கறிக்குழம்பு கொடுத்தேன். புகைப்படம் வெட்டும் மென்பொருளில் குறுக்குவழி சொல்லிக் கொடுத்தேன். வீட்டிலிருக்கும் நாட்களில் ஒவ்வொரு மாற்றத்தையும் மூன்று முறை சரிபார்த்தேன். குழந்தைக்கு மூச்சு சீராக இருந்த ஒரு நாள், பார், இவளுக்காகத்தானே என்று நினைத்தேன். அடுத்த நொடி, அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று தோன்றியது.

இரண்டாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை அக்கா என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, நீ படிச்சவ, சொல்லு. நாலு எப்டிம்மா மூணாச்சு? நான் அந்தப் பக்கமே போவல. தூக்கத்துல கீக்கத்துல அட்ச்சிருப்பனா? என் மண்டைல எதுனா கோளாறா?"

"அப்படிலாம் இல்லக்கா."

"எனக்கு இப்ப போட்டோ வெட்டக்கூட பயமா கீது. சேவ் பண்றதுக்கு முன்ன பத்து வாட்டி பாக்கறேன். மாசம் முடியட்டும், நானே நின்னுக்கறேன். பேஜாரா கீது."

அப்போதும் நான் சொல்லவில்லை. "யோசிச்சு முடிவு பண்ணுங்கக்கா" என்றேன். ஒரு மனுஷியைத் தன் மூளையையே சந்தேகிக்க வைத்துவிட்டு, யோசிக்கச் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் கிளம்பியபோது பின்னாலேயே இறங்கி மாடிப்படி முடிவில் நிறுத்தினேன். பட்டறையில் அந்த நேரம் பார்த்து ஓர் இன்ஜினை முடுக்கிவிட்டிருந்தார்கள்.

"அக்கா, அதை மாத்தினது நான்."

"இன்னா? கேக்கல."

"வண்டி நம்பர். நான்தான் மாத்தினேன்."

"சத்தமா சொல்லும்மா, இன்ஜின் ஓடுதுல்ல!"

"நான்தான் தப்பு பண்ணேன்! நீங்க பண்ணல!" என்று கத்தினேன். பட்டறையில் இருந்தவர் ஸ்பேனரோடு நிமிர்ந்து பார்த்தார். இன்ஜினை நிறுத்தினார். அந்த அமைதியில்தான் மீதியைச் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை, மடியில் குழந்தை, ஐந்து இடம், அவர் எடிட்டரில் நான் இயக்கி வைத்த வசதி, நேரான வரிகள், இடம் மாறிய பெயர்.

"எத்தினி நாளா தெரியும்?"

"அந்தத் திங்கட்கிழமையே."

"அப்ப பன்னெண்டு நாளு." விரல் விட்டு எண்ணவில்லை, சட்டென்று சொன்னார். "பன்னெண்டு நாளா நான் பைத்தியம்னு நெனச்சிகினு இருந்தேன். நீ கொழம்பு ஊத்திகினு இருந்த."

"பாப்பாவுக்கு உடம்பு..."

"பாப்பாவ இதுல இழுக்காத." குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு சார் கைல சொல்லு. ஞாயித்துக்கிழம எங்க கரைக்கு வந்து சொல்லு. அங்கதான் எம் மானம் போச்சு. நான் போயி 'நான் பண்ணல'ன்னா, மாத்திப் பேசறான்னு சொல்லுவாங்க. நீயே வந்து சொல்லு."

முதலாளியிடம் சொன்னேன். அவர் ஃபைலின் முந்தைய பதிவைத் திறந்து பார்த்தார். நெடுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அக்காவுக்கு நிரல் வேலை அன்றே திரும்பியது. மாத முடிவில் நிரந்தரமும் ஆனார். என் மூன்று நாள் போனது. "தப்பு பண்ணதுக்குக்கூட இல்லம்மா, அன்னிக்கு என்கிட்ட சொன்ன பதிலுக்கு" என்றார். வீட்டில் கணவர், "சரி, பாப்பாவ யாரு பாத்துக்கறது?" என்று மட்டும் கேட்டார். இப்போது மாமியார்தான் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு பார்த்துக்கொள்கிறார். காற்று திரும்பும் நாளில் நான் அலுவலகத்திலிருந்து மணிக்கு ஒருமுறை போன் பண்ணுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்குப்பம் போனேன். படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். நிழலில் ஏழெட்டுப் பேர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மீன் கூடையோடு நான்கைந்து பெண்கள். அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"இன்னா, இவங்கதான் ஐஸைத் தண்ணியாக்குன ஆபீசு மேடமா?" என்றார் ஒரு வலைக்காரர். சிரிப்பு எழுந்தது.

ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "அன்னிக்கு வண்டி வராததுக்குக் காரணம் நான். அக்கா இல்ல. எனக்குத் தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்" என்றேன்.

"யாரு பண்ணா இன்னா, என் எறா கெட்டது கெட்டதுதான்" என்றார் இன்னொருவர்.

அக்காவின் நாத்தனார் கூடையைக் கீழே வைத்தார். "இரு இரு. நீ பண்ணதுக்கு இவ ஏன் வந்து எங்க கால்ல வுழாத கொறையா மன்னிப்பு கேட்டா?"

"கம்ப்யூட்டர்ல அவங்க பேர் காட்டுச்சு" என்றேன்.

"பேரு காட்டுனா? இவ பண்ணாம இவ பேரு எப்டி காட்டும்?"

நான் விளக்கத் தொடங்கினேன். வரி, சேவ், நேராக்குவது என்று நான் போகப் போக அந்த அம்மாளின் புருவம் ஏறிக்கொண்டே போனது. வலைக்காரர்கள் மறுபடி வலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கா முன்னால் வந்தார்.

"அண்ணி, உன் பொட்டில நீ மீனு போட்டு வெச்ச. நான் வந்து, கோணலா கீதேன்னு எல்லாத்தையும் எடுத்து வரிசையா அடுக்கி வெச்சேன். அழுவுன மீனு ஒண்ணு முன்னாடியே உள்ள இருந்துச்சு. கடைசியா கை வெச்சது யாரு? நானு. அழுவுன மீனு போட்டது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன்.

"அத்த மொதல்லயே இப்டி சொல்றதுக்கு இன்னா?" என்றார் நாத்தனார். என்னிடம் கேட்டாரா, அக்காவிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. அக்காவின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். "போ, போயி மூஞ்சி கழுவு. பதினஞ்சு நாளா கருவாடு மாறி கீற." பிறகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறோம். அக்கா என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார், சேர்ந்த முதல் வாரத்தில் கூப்பிட்டது போல. வரிகளை நேராக்கும் வசதியை நிறுத்திவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கட்டும், நல்லாத்தான் கீது" என்றார். என் குறிப்பில் விட்டுப்போன வரியை நான் சேர்த்துவிட்டேன். நான் எழுதிய ஃபைல் அவர் கைக்குப் போகும்போது மட்டும், சேவ் செய்வதற்கு முன் நாற்காலியில் சாய்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார்:

"மேடம், சேவ் பண்ணப் போறேன். உள்ள இன்னா வெச்சிருக்கீங்கன்னு வந்து ஒரு தபா பாத்துட்டுப் போங்க."

மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து போவேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விடுவார். நான் குனிந்து முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குவேன். முடிக்கும்வரை அவர் விசையைத் தொடுவதில்லை.